பழமே இல்லாத பழப்பொடி

என் அக்கா வீட்டுக்காரரை அவர் வேலை பார்க்கும் ஆலையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'நாக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளி மட்டும் கொஞ்சம் மரியாதை சேர்த்து 'நாக்கு சார்' என்பார். வாயாடி போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். மாமா அதிகம் பேசாத மனிதர். அவருடைய நாக்குக்குத்தான் அங்கே சம்பளம்.

அது பழச்சாறு பிழியும் ஆலை. நான் அங்கே லாரி ஓட்டுகிறேன். பழம் கொண்டுவந்து கொட்டுவது என் வேலை. கொட்டிய பழம் பிழிபட்டு, வடிகட்டி, டப்பாவுக்குள் போவதற்கு முன்னால் அதில் ஒரு கரண்டி மாமாவின் வாய்க்குள் போக வேண்டும். வாயில் ஊற்றிக்கொண்டு கண்ணை மூடுவார். கன்னத்தை இப்படியும் அப்படியும் உப்புவார். தொட்டியில் துப்பிவிட்டு 'சரி' என்பார், அல்லது 'சரியில்ல' என்பார். இதற்கு ஒரு வெள்ளைக் கோட்டு, தனி அறை, சுழலும் நாற்காலி. நான் வெயிலில் பெட்டிகளுக்கு நடுவே வேகிறவன். எனக்கு வயிறு எரியாதா? எரியும். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவரும் முதலில் பெட்டி தூக்கத்தான் வந்தார். ஒரு நாள் முதலாளி புதுச் சரக்கை எங்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார். நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் 'பிரமாதம் முதலாளி' என்றோம். மாமா அதை அப்படியே முதலாளியின் சட்டைமேல் துப்பினார். வேண்டுமென்று செய்யவில்லை. துப்பத் திரும்பிய பக்கம் முதலாளி நின்றுகொண்டிருந்தார். சட்டையை மாற்றிக்கொண்டு வந்த முதலாளி, "பயப்படாம துப்புற ஆளு இவர் ஒருத்தர்தான்" என்று சொல்லி அன்றைக்கே வெள்ளைக் கோட்டைக் கொடுத்துவிட்டார். அன்று துப்பியிருந்தால் அந்தக் கோட்டு எனக்கு வந்திருக்கும். நான் விழுங்கித் தொலைத்தேன்.

அந்த நாக்கைக் காப்பாற்ற அக்கா வீட்டில் நடக்கும் கூத்து சொல்லி மாளாது. புதினா வாசம் வரும் பற்பசை வீட்டுக்குள் நுழையக் கூடாது. கொதிக்கக் கொதிக்க யாரும் எதையும் குடிக்கக் கூடாது, அவர் குடிக்கவே மாட்டார் என்றாலும். சளி பிடித்தவர்கள் வாசலோடு திரும்பிவிட வேண்டும். ஒரு முறை நான் தும்மிவிட்டேன் என்பதற்காகச் சாப்பாட்டுத் தட்டைக் கையில் கொடுத்து மாடிப்படியில் உட்காரவைத்தார். கூடப்பிறந்த அக்கா வீட்டில், மாடிப்படியில்!

கல்யாணமான புதிதில் அக்காதான் சமைத்தாள். மாமா ஒரு வாய் எடுத்து வைத்தார். கண்ணை மூடினார். கன்னத்தை இப்படியும் அப்படியும் உப்பினார். தொட்டியைத் தேடித் திரும்பினாரோ என்னவோ, அக்காவுக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ, கரண்டியை அவர் கையில் திணித்துவிட்டாள். "உங்க நாக்குக்கு நீங்களே ஆக்கிப் போட்டுக்கங்க" என்று சொன்னவள்தான், அதற்கப்புறம் அடுப்புப் பக்கமே போகவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் மாமாதான் சமையல்.

நன்றாகச் சமைப்பார். எரிச்சலோடு சொன்னாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் எந்த இனிப்பிலும் ஒரு சிட்டிகை உப்புப் போடாமல் அவர் கை ஓயாது. பாலில் போடுவார், பழச்சாற்றில் போடுவார், தேன் கலந்த தண்ணீரில்கூடப் போடுவார். "உப்பு இல்லாத இனிப்பு நிக்காது மாப்ள, வழிஞ்சு போயிடும்" என்பார். என்ன வழியும், எங்கே வழியும் என்று நான் கேட்டதில்லை.

இப்படி ஆசை ஆசையாகச் சமைத்து வைத்துவிட்டு, அக்கா முதல் வாய் எடுக்கும்போது எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்ப்பார். "எப்படி இருக்கு?" என்று கேட்பார். அக்கா மென்றுகொண்டே, "ம், இருக்கு" என்பாள். அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு வார்த்தைதான். நல்லா இருக்கா, சுமாரா இருக்கா, சகிக்கலையா, ஒன்றும் கிடையாது. இருக்கிறது. ஊரில் இருக்கிற பழச்சாற்றுக்கெல்லாம் மதிப்புப் போடுகிற மனிதருக்கு வீட்டில் இந்த மதிப்பு. "ஒரு தடவ, ஒரே தடவ நல்லா இருக்குன்னு சொன்னா வாய் தேஞ்சா போயிடும் மாப்ள?" என்று லாரிக்குப் பக்கத்தில் நின்று என்னிடம் புலம்புவார். அப்போது மட்டும் அவர்மேல் எனக்குப் பாவமாக இருக்கும்.

அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் தையல்காரி. வீட்டின் முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து தைப்பாள். எங்கள் ஆலை வருஷத்துக்கு ஒரு முறை ஓட்டப்பந்தயம் நடத்தும். பத்து கிலோமீட்டர், யார் வேண்டுமானாலும் ஓடலாம். அதற்குப் பனியன் தைத்துக் கொடுப்பது அக்காதான். ஒரு வருஷம் ஒரு பனியனில் கழுத்தைக் கோணலாக வெட்டிவிட்டாள். யாருக்கும் கொடுக்க முடியாது, தூக்கி எறியவும் மனசு வரவில்லை. தானே போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டது வீணாவானேன் என்று ஓடவும் கிளம்பிவிட்டாள்.

ஓடுகிறவர்களுக்குப் பின்னால் ஒரு வேன் ஒரே சீராக ஊர்ந்து வரும். அதற்குக் கடைசி வண்டி என்று பெயர். அது யாரைத் தாண்டுகிறதோ அவர்களுக்குப் பந்தயம் அதோடு சரி. மரியாதையாக ஏறி உட்கார்ந்துகொள்ள வேண்டும். ரோட்டை எவ்வளவு நேரம்தான் அடைத்துவைப்பது? அந்த வண்டியை ஓட்டும் பாவி நான்தான்.

நாள் முழுக்க உட்கார்ந்தே தைக்கிற உடம்பு. பாதி வழியில் அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். என் வண்டி தாண்டியது. அடுத்த வருஷமும் ஓடினாள். அப்போதும் தாண்டியது. இந்த முறை ஏற மாட்டேன் என்று நடு ரோட்டிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நானும் இன்னொருவரும் சேர்ந்து தூக்கித்தான் ஏற்றினோம். அவள் தையல் வாடிக்கையாளர்கள் எல்லாரும் வாசலில் நின்று பார்த்தார்கள்.

"கூடப்பிறந்தவளையே குப்ப மூட்ட மாதிரி தூக்கிப் போட்டேல்ல? இருடா. அடுத்த வருஷம் உன் வண்டிக்கு முன்னாடி கோட்டத் தாண்டல, நான் உனக்கு அக்காவே இல்ல" என்று வேனுக்குள்ளிருந்தே கத்தினாள். சும்மா சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து அன்றைக்கு முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள் என்று மாமா சொன்னார். அக்கா அழுது நான் பார்த்ததில்லை. மாமா அன்று பார்த்திருக்கிறார்.

அந்தச் சமயத்தில்தான் பொடி வந்தது. மாதுளை, செர்ரி, கருந்திராட்சை மூன்றையும் காயவைத்துப் பொடித்து, ஓடுகிறவர்களுக்கு என்று தனியாக ஒரு டப்பா போட முதலாளிக்கு ஆசை. 'இதைக் குடித்தால் வேகமாக ஓடலாம்' என்று டப்பாமேல் பெரிதாக அச்சடிக்கவும் ஆசை. அதற்காக ஒரு டாக்டரம்மாவை வேலைக்கு வைத்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி பண்ணிப் பட்டம் வாங்கியவர். அது தெரியாமல் முதல் நாளே அவரிடம் முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டு மூக்குடைபட்டேன்.

டாக்டரம்மா ஒரே பிடியாக நின்றார். "சும்மா எழுத முடியாது முதலாளி, நிரூபிக்கணும். பந்தயத்துல ஓடுறவங்கள்ல பாதிப் பேருக்கு நிஜப் பொடி, பாதிப் பேருக்குப் பழமே இல்லாத போலிப் பொடி. யாருக்கு எதுன்னு குடிக்கிறவங்களுக்கும் தெரியக் கூடாது, கொடுக்கிறவங்களுக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா மனசு வேல பண்ண ஆரம்பிச்சிடும். அப்புறம் ஓடுனது பழமா மனசான்னு பிரிக்க முடியாது" என்றார்.

முதலாளிக்குப் பாதிதான் புரிந்தது. எனக்கு அதுவும் இல்லை. போலிப் பொடி தயாரிக்கும் பொறுப்பு மாமா தலையில் விழுந்தது.

"சார், அதுல பழம் துளிகூட இருக்கக் கூடாது. ஆனா நிறம், மணம், ருசி எல்லாம் பழம் மாதிரியே இருக்கணும்" என்றார் டாக்டரம்மா.

மாமா முகம் சுண்டிப்போயிற்று. "என்னையப் பொய் சொல்லச் சொல்றீங்களாம்மா?"

"உங்க வாயால இல்ல சார், டப்பாதான் சொல்லும்."

முதலில் முறுக்கிக்கொண்டார். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். டாக்டரம்மா கொடுத்த சாமான்களை வைத்துக்கொண்டு கலக்குவதும் துப்புவதுமாகக் கிடந்தார். நிறம் சீக்கிரம் வந்துவிட்டது. புளிப்பும் வந்துவிட்டது. மாதுளையின் அந்தத் துவர்ப்புதான் வருவேனா என்று அடம்பிடித்தது. சாப்பாட்டு வேளையில்கூட உதட்டை நக்கிக்கொண்டு சூன்யத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அதுவும் ஒரு வழியாக வந்தது. எல்லாம் கச்சிதமாக அமைந்து, பெரிய கலவை அண்டா கடைசிச் சுற்று சுற்றிக்கொண்டிருந்தபோது மாமாவின் கை சும்மா இருக்கவில்லை. ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டார். அண்டாவுக்கு ஏற்ற சிட்டிகை, அதாவது இரண்டு கை. சமைக்கிறவன் உப்புப் பார்ப்பதில் என்ன தப்பு என்று நினைத்தாரே தவிர, அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

டாக்டரம்மா பெட்டி தூக்கும் எங்களை வரிசையாக நிற்கவைத்து, ஆளுக்கு இரண்டு கிளாஸ் கொடுத்தார். வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டார். எங்களுக்கு எந்தக் காலத்தில் தெரிந்தது? தெரியவில்லை என்றோம். ஆனால் எல்லாரும் ஒரு கிளாஸைப் பாதியோடு வைத்துவிட்டு, இன்னொரு கிளாஸைத் தலைகீழாகக் கவிழ்த்து, விரலை விட்டு வழித்து நக்கினோம். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மாவுக்கு ஒரு போன் வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தார். அந்த போன் வராமல் இருந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

அக்காவும் ஆராய்ச்சியில் சேர்ந்துகொண்டாள். ஆலைக்காரர் வீட்டு ஆள் என்பதால் டாக்டரம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மாமா அந்த டப்பாவைத் தொடக் கூடாது, மோந்து பார்க்கக் கூடாது, நாக்கில் வைக்கக் கூடவே கூடாது. மாமா தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார். அக்கா டப்பாவைத் தையல் மெஷின் மேசையின் இழுப்பறையில் நூல்கண்டுகளோடு வைத்துப் பூட்டினாள். "இந்தப் பக்கம் வந்தீங்க, கையில கத்தரிக்கோல் இருக்கு, ஞாபகம் வெச்சுக்கங்க" என்றாள்.

குடிக்க ஆரம்பித்த அன்றே கூத்தும் ஆரம்பித்தது. நான் சாப்பிடப் போயிருந்தேன். அன்று தும்மல் இல்லை, மேசையிலேயே இடம் கிடைத்தது. மாமா பரிமாறிவிட்டு வழக்கம்போல எதிரே உட்கார்ந்து, "எப்படி இருக்கு?" என்றார்.

"ம், இருக்கு" என்ற அக்கா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "டேய் தம்பி, அந்தப் பொடியக் கலக்கிக் குடிச்சேன் பாரு, என்ன ருசிடா! ஒரு வாய் குடிச்சா இன்னொரு வாய் கேக்குது. நாக்குலயே நிக்குது. யாரு பண்ணாங்களோ, அந்தக் கைக்குத் தங்கக் காப்பு போடணும்."

மாமாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. என் சாப்பாடும் நின்றுவிட்டது. அக்கா வாயிலிருந்து இவ்வளவு நீளப் பாராட்டு வரும் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

மறுநாள் லாரிப் பக்கம் வந்து பொருமித் தீர்த்தார். "பழத்த மெச்சுறா மாப்ள! மரத்துல தானா காய்ச்சது, அதுக்கு என்ன கஷ்டம்? நான் தினம் அடுப்புல வேகுறேன், எனக்கு 'இருக்கு'. மாதுளைக்குத் தங்கக் காப்பா?" பழத்தோடு போட்டி போட்டுப் பொறாமைப்பட்ட மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

அக்கா ஓடிப் பழகினாள். முதலில் தெருமுனை வரை. பிறகு பூங்காவைச் சுற்றி. பிறகு ஆலை வாசல் வரை வந்து, என் லாரியைத் தட்டிவிட்டுத் திரும்பி ஓடினாள். "பழம் உள்ள போய் வேல பண்ணுதுடா!" என்று கத்திக்கொண்டே போவாள். ஓட ஓடப் பாராட்டும் கூடியது. எதிர் வீட்டுக்காரியிடம் சொன்னாள், துணி கொடுக்க வந்தவர்களிடம் சொன்னாள், எல்லாவற்றையும் மாமா காதில் விழும்படி சத்தமாகச் சொன்னாள்.

ஒரு நாள் சாயங்காலம் அந்த டம்ளரைக் கழுவாமல் தொட்டியில் போட்டுவிட்டு ஓடப் போய்விட்டாள். பாத்திரம் கழுவுவதும் மாமாதான். டம்ளரின் அடியில் சிவப்பாக ஒரு சொட்டு. சத்தியம் பண்ணிய நாக்குதான், ஆனாலும் நாக்குதானே.

தலைகால் புரியாமல் ஆலைக்கு ஓடிவந்தார். ஒரு கையில் பாத்திரம் தேய்க்கும் நார், இன்னொரு கையில் டம்ளர்.

"மாப்ள, அது என்னுது! உங்க அக்கா குடிக்கிறது என் பொடி! உப்பு இருக்கு மாப்ள, என் கை உப்பு! அவ இத்தன நாளா மெச்சுனது பழத்த இல்ல, என்னைய!"

சிரித்தார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, மூக்கை நாரால் துடைத்துக்கொள்ளப் போனார். நான் தடுத்தேன்.

"அப்ப வீட்டுக்குப் போய் நெஞ்ச நிமித்திக்கிட்டு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

அவர் முகம் அப்படியே விழுந்தது. "எப்படிச் சொல்றது? பழம்தான் தூக்கிட்டு ஓடுதுன்னு நம்பி ஓடுறா. பழமே இல்ல, வெறும் சர்க்கரையும் சாயமும்னு சொன்னா அந்த எடத்துலயே நின்னுடுவா. மறுபடியும் நீ தூக்கி வண்டியில போடுவ. மறுபடியும் செவுத்தப் பாத்துப் படுப்பா. வேணாம் மாப்ள. என்னால அதப் பாக்க முடியாது."

அதற்குப் பிறகு மாமா பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கல்யாணமான நாளிலிருந்து காத்துக்கிடந்த பாராட்டு கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, இவர் கையை நீட்டி வாங்க முடியவில்லை. அக்கா 'அந்தக் கைக்கு' என்று ஆரம்பித்தாலே கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். உதட்டைக் கடிப்பார். தாங்க முடியாமல் அடுக்களைக்குள் போய்ப் பாத்திரங்களைப் போட்டு உருட்டுவார். மிச்சமிருந்த போலிப் பொடியில் ஒரு சின்னப் பொட்டலம் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவ்வப்போது தடவிப் பார்த்துக்கொள்வார். பந்தயம் நெருங்க நெருங்க, "கொஞ்சம் மெதுவா ஓட்டு மாப்ள" என்று என்னை நச்சரிக்க ஆரம்பித்தார். பந்தயத்தன்று டாக்டரம்மாவே கையில் கடிகாரத்தோடு என் பக்கத்தில் உட்கார்ந்து வரப்போகிறார் என்று தெரிந்ததும் முடியவே முடியாது என்று கையை விரித்துவிட்டேன். உப்புப் போடுவது இவர், மாட்டிக்கொள்வது நானா?

பந்தய நாளும் வந்தது. அக்கா அந்தக் கோணல் கழுத்துப் பனியனையே போட்டுக்கொண்டாள். இடுப்பில் அவளே தைத்த பட்டை, அதில் ஒரு பை, பைக்குள் பொடி கலந்த பாட்டில். கடைசித் தண்ணீர் மேசையில் நின்று எல்லாருக்கும் தண்ணீர் கொடுக்கிறேன் என்று மாமா தானே கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த மேசையைத் தாண்டினால் மைதானத்தின் வாசல், அதற்குள் எல்லைக் கோடு.

அக்கா நன்றாகவே ஓடினாள். போன முறை உட்கார்ந்த இடத்தைத் தாண்டும்போது என் வண்டியைத் திரும்பிப் பார்த்து நாக்கைத் துருத்தினாள். வழியில் ஒரு தபால்காரர் முடியாமல் எங்கள் வண்டியில் ஏறினார். "டாக்டரம்மா, தப்பா நெனைக்காதீங்க, உங்க பொடிய நான் மூக்கப் பொத்திட்டுதான் குடிச்சேன்" என்றார். டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார். "வித்தியாசமா இருக்கே. மத்தவங்க ருசியா இருக்குன்னு இன்னொரு டப்பா கேட்டாங்களே" என்று முணுமுணுத்தார். நான் சாலையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

மேட்டில் ஏறும்போது அக்காவின் பாட்டில் பையிலிருந்து துள்ளி விழுந்தது. உருண்டு வந்தது. நேராக என் சக்கரத்துக்கே வந்தது. நான் வேண்டுமென்று ஏற்றவில்லை, இதை இன்றுவரை யாரும் நம்பவில்லை. ரோடெல்லாம் சிவப்பாகச் சிதறியது.

"அடப்பாவி!" என்று அக்கா திரும்பாமலே கத்தினாள்.

மேட்டை ஏறி முடித்தாள். கால் பின்ன ஆரம்பித்தது. எப்படியோ கடைசி மேசை வரை வந்து, அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவளுக்கும் எங்களுக்கும் நடுவே இருந்த தூரம் குறைந்துகொண்டே வந்தது. பிரேக்கை மிதிக்க என் கால் துடித்தது. பக்கத்தில் டாக்டரம்மா கடிகாரத்தையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தார். ஜன்னல் திறந்திருந்ததால் அவர்கள் பேசியது முழுக்க எங்களுக்குக் கேட்டது.

"கால் வரலங்க. பாட்டிலும் போச்சு. தம்பி ஏத்திட்டான்."

மாமாவின் முகம் வெளுத்தது. ஒரு நொடிதான். சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை உருவினார், பல்லால் கிழித்தார், டம்ளர் தண்ணீரில் கொட்டினார். அவசரத்தில் பாதி மேசையில் கொட்டியது.

"இது ஏது உங்ககிட்ட?" என்றாள் அக்கா.

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வரவில்லை. "என்னைய மன்னிச்சிரு. இதுல பழமே இல்ல. நீ இத்தன நாளா குடிச்சதுலயும் பழம் இல்ல. எல்லாம் நான் கலக்குன போலி. உன்னையத் தூக்கிட்டு ஓடுனது பழம் இல்ல, நீயாத்தான் ஓடுன. நின்னுடாதம்மா. நீயாத்தான் ஓடுன!"

"தெரியும்" என்றாள் அக்கா.

"என்ன தெரியும்?"

"முதல் வாய்லயே தெரியும். உப்பு போட்டிருக்கீங்களே. ஊர் உலகத்துல பழப்பொடியில உப்பு போடுற ஆளு வேற யாரு இருக்கா? இத்தன வருஷமா உங்க கையால சாப்பிடுறேன், உங்க கைப்பக்குவம் எனக்குத் தெரியாதா? வாயப் பாத்துட்டு நிக்காம கலக்குங்க, வண்டி வருது!"

"உப்பா?" என்றார் என் பக்கத்திலிருந்த டாக்டரம்மா. பிறகு, "நிறுத்துங்க வண்டிய!" என்று அலறினார்.

என் வாழ்க்கையில் யார் பேச்சையும் நான் அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டதில்லை. பிரேக்கை மிதித்த மிதியில் தபால்காரர் முன் இருக்கையில் முட்டிக்கொண்டார். டாக்டரம்மா கதவைத் திறந்து குதித்து மேசைக்குப் போனார்.

"எவ்ளோ உப்பு?"

மாமா திருதிருவென விழித்தார். "ஒரு சிட்டிகைதாம்மா."

"அவ்ளோ பெரிய அண்டாவுக்கு ஒரு சிட்டிகையா?"

"ரெண்டு கை."

"வேர்வ கொட்ட ஓடுறவங்களுக்கு உப்பு என்ன பண்ணும்னு தெரியுமா சார் உங்களுக்கு? போலின்னா எதுவுமே பண்ணக் கூடாது! எதுவுமே!" டாக்டரம்மா வெளுத்து வாங்கினார். "டப்பாவ மறைச்சேன், பேர மறைச்சேன், யாரு எதக் குடிக்கிறாங்கன்னு எனக்கே தெரியாம மறைச்சேன். கடைசில எல்லாம் தெரிஞ்சவங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல உக்காந்திருக்கீங்க!"

அந்த அமளிக்கு நடுவே அக்கா டம்ளரைக் காலி பண்ணினாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள். ஓடிவிட்டாள். டாக்டரம்மாவுக்கு மூச்சு வாங்கி, நினைவு வந்து, வண்டியில் ஏறி, நான் சாவியைத் திருகி, வண்டி இரண்டு முறை இருமிக் கிளம்புவதற்குள் (இருமியது வண்டிதான், சத்தியமாக நான் ஒன்றும் செய்யவில்லை) கோணல் கழுத்துப் பனியன் மைதானத்து வாசலுக்குள் நுழைந்துவிட்டது. நாங்கள் உள்ளே போனபோது அக்கா கோட்டுக்கு அந்தப் பக்கம் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஓடி முடித்தவர்களில் கடைசி ஆள் அவள். ஆனால் வண்டிக்கு முந்தி.

வண்டி நின்றதே, அது செல்லுமா என்று யாரோ கேட்டார்கள். "நானுந்தான் நின்னேன், சரியாப் போச்சு" என்றாள். கோட்டைத் தாண்டிய எல்லாருக்கும் கொடுக்கும் தகரப் பதக்கத்தை அவள் கழுத்திலும் மாட்டினார்கள்.

மாமா மேசையை விட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்தார். அவரும் அன்று கொஞ்சம் ஓடினார் என்று சொல்ல வேண்டும். அக்கா எதிரே வந்து நின்று, குழந்தை மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

"தெரிஞ்சுமா என் முன்னாடி அப்படி மெச்சுன? வாயத் தொறக்க முடியாம நான் என்ன பாடு பட்டேன் தெரியுமா?"

"அதனாலதான் மெச்சுனேன்" என்றாள் அக்கா. "நேர்ல சொன்னா உங்களுக்குத் தலைக்கு ஏறிடும். அப்புறம் அதே பேச்சாத்தான் இருப்பீங்க, வீட்டுல குடியிருக்க முடியாது. இந்த ஆராய்ச்சி நடக்கறப்பதான் உங்களால வாயே தொறக்க முடியாதே. சேத்து வெச்சதெல்லாம் ஆச தீரச் சொல்லிட்டேன்."

பதக்கத்தைக் கழுத்திலிருந்து கழற்றினாள். மாமாவின் வலது கையைப் பிடித்து இழுத்து, நாடாவை மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டாள். தையல்காரி முடிச்சு, லேசில் அவிழாது.

"பழமில்லாத பழப்பொடிக்குத் தங்கமில்லாத தங்கக் காப்பு. போதுமா?"

மாமா அழுதார். நானும் கொஞ்சம் அழுதேன். டாக்டரம்மா அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

ஆராய்ச்சி பாழ் என்று டாக்டரம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். ஓடியது உப்பா, மனசா, இல்லை வெறும் காலா என்று யாராலும் சொல்ல முடியாதாம். முதலாளி போலிப் பொடியையே டப்பாவில் போட்டு விற்றால் என்ன என்று கேட்டு, அவரும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பழப்பொடி டப்பாமேல் இப்போதைக்குப் 'பழப்பொடி' என்று மட்டும்தான் இருக்கிறது. மாமா கலவை அறைக்குள் நுழையும் முன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள்.

மறுநாள் சாப்பிடப் போனேன். மாமா பதக்கம் கட்டிய கையாலேயே பரிமாறினார். அது தட்டில் டங் டங் என்று இடித்தது. எதிரே உட்கார்ந்து, முகமெல்லாம் எதிர்பார்ப்போடு, "எப்படி இருக்கு?" என்றார்.

அக்கா மென்றாள். விழுங்கினாள். தட்டை இன்னொரு முறை நீட்டினாள்.

"ம், இருக்கு" என்றாள்.

அடுத்த நாள் காலை நான் பழம் இறக்கிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மாவின் அறை வாசலில் மாமா கையைக் கட்டிக்கொண்டு பவ்யமாக நின்றிருந்தார்.

"ஏம்மா, அடுத்த ஆராய்ச்சி எப்ப ஆரம்பிக்கப் போறீங்க? எங்க வீட்டுல சேர்றதுக்கு ஆள் தயாரா இருக்கு."